தலைப்பில் லிம்ஃபாஞ்சியோகிராம், உள்ளே வேறு கதை: 75803 போட்டதற்கு ஒரே சார்ட்டில் மூன்று எரர்

நைட்ஷிப்ட்_கோடர்

வணக்கம். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் ரேடியாலஜி ப்ரோ-ஃபீ கோடிங் (இன்ஷூரன்ஸ் பில்லில் டாக்டரின் பங்குக்குக் கோடு போடுவது) பார்க்கிறேன், எல்லாம் அமெரிக்க சார்ட்தான். ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை எக்ஸ்ரே, சிடி, அல்ட்ராசவுண்ட் மட்டும் வந்துகொண்டிருந்தது, போன மாதம்தான் டீம் மாற்றி நியூக்ளியர் மெடிசின், இன்டர்வென்ஷன் எல்லாம் கலந்த க்யூவில் போட்டார்கள். பயிற்சி என்று இரண்டு மணி நேரம் ஒரு பிபிடி காட்டினார்கள், அவ்வளவுதான்.

இந்த வாரம் வந்த சார்ட் ஒன்று. ரிப்போர்ட்டின் தலைப்பில் பெரிய எழுத்தில் 'பைலேட்டரல் லோயர் எக்ஸ்ட்ரிமிட்டி லிம்ஃபாஞ்சியோகிராம்' (இரண்டு கால்களின் நிணநீர்க் குழாய்ப் படம்) என்று இருக்கிறது. இண்டிகேஷன்: இரண்டு காலிலும் ஸ்வெல்லிங், ரூல் அவுட் லிம்ஃபெடீமா (நிணநீர் தேங்கி வரும் வீக்கமா என்று பார்க்க). டெக்னிக் பகுதியில், இரண்டு பாதத்திலும் விரல் இடுக்கில் தோலுக்குள் டெக்னீஷியம்-99எம் சல்ஃபர் கொலாய்டு மொத்தம் நான்கு ஊசி போட்டு, உடனே ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மூன்று மணி நேரம் கழித்து ஒரு தடவை படம் எடுத்ததாக எழுதியிருக்கிறார்கள். வலது பக்கம் எல்லாம் சரி, இடது பக்கம் தாமதம், முழங்காலுக்குக் கீழே டெர்மல் பேக்ஃப்ளோ. கடைசியில் இம்ப்ரெஷன்: இடது கால் லிம்ஃபெடீமாவோடு 'கன்சிஸ்டென்ட் வித்' (ஒத்துப்போகிறது).

தலைப்பில் லிம்ஃபாஞ்சியோகிராம், இரண்டு கால், அதனால் நான் போட்டது 75803-26 (26 என்றால் டாக்டர் பங்கு மட்டும்). ஊசி போட்டதற்கு 38790-50 (50 என்றால் இரு பக்கமும்). டயக்னோசிஸ் ஐ89.0 (லிம்ஃபெடீமா). மூன்றுமே எரர் என்று க்யூஏ (தர ஆய்வு) ஷீட் வந்திருக்கிறது! 78195-26 மட்டும்தான் வர வேண்டுமாம், 38790 தேவையில்லாத கோடாம், ஐ89.0-க்குப் பதில் ஆர்60.0 (எடீமா) வர வேண்டுமாம். விளக்கம் கேட்டால் 'கைட்லைன் படியுங்கள்' என்று ஒரே வரி. ரிபட்டல் (மறுப்பு) போட நாளை மறுநாள் வரைதான் நேரம், இந்த மாதம் ஏற்கெனவே என் அக்யூரசி 95-க்கு ஒட்டி ஒட்டித்தான் போய்க்கொண்டிருக்கிறது, இது மூன்றும் நின்றால் இன்சென்டிவ் போச்சு. டாக்டரே லிம்ஃபாஞ்சியோகிராம் என்று எழுதியிருக்கும்போது நான் வேறு எதைப் போடுவது? யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

பழைய_கோடர்

தம்பி, சிபிடி (செய்முறைக் கோடு) இரண்டிலும் க்யூஏ சொன்னதுதான் சரி. அதில் ரிபட்டல் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ரேடியாலஜியில் நான் புதிதாகச் சேர்ந்தபோது என் டிரெய்னர் ரிப்போர்ட்டின் தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொல்வார். என்ன செய்தார்கள் என்று டெக்னிக் பத்தி சொல்லும், தலைப்பு அதைச் சொல்லும் என்று நம்ப முடியாது. உங்கள் சார்ட்டில் டெக்னீஷியம் என்ற சொல் வந்த அந்த இடத்திலேயே 75000 வரிசை முடிந்தது, 78000 வரிசைக்குப் போய்விட வேண்டும். 75801, 75803, 75805, 75807 நான்கும் கான்ட்ராஸ்ட் மருந்தை நிணநீர்க் குழாய்க்குள் ஏற்றி எக்ஸ்ரேயில் பார்ப்பதற்கானவை. 75801 கை அல்லது கால் ஒரு பக்கம், 75803 இரண்டு பக்கம், அடுத்த இரண்டும் இடுப்பும் வயிறும். இவற்றில் சூப்பர்விஷனும் இன்டர்பிரிடேஷனும் மட்டும்தான் அடங்கும், அதனால்தான் ஊசிக்கு 38790 என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் செய்தால் 38790-க்கு 50 போடலாம் என்று புத்தகத்திலேயே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. ஆகவே நீங்கள் போட்ட ஜோடியில் தப்பில்லை, உண்மையான லிம்ஃபாஞ்சியோகிராமுக்கு அதுதான் ஜோடி. போட்ட இடம்தான் தப்பு.

காமா கேமராவில் எடுத்தால் 78195. 'லிம்ஃபாட்டிக்ஸ் அண்ட் லிம்ஃப் நோட்ஸ் இமேஜிங்', அவ்வளவுதான் அதன் விளக்கம். டயக்னோசிஸ் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஷிப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன்.

காமா_கேமரா

நான் கோடர் இல்லை, நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட், கோவையில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். என் தங்கை கோடிங்கில் இருக்கிறாள், இதே கேள்வியை ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் இந்த இரண்டும் குழம்பாது.

பழைய முறை லிம்ஃபாஞ்சியோகிராபி ஒரு சின்ன ஆபரேஷன் மாதிரி. லண்டனில் கின்மான்த் என்ற அறுவை மருத்துவர் 1952-இல் மனிதர்களில் செய்து காட்டியது. கால் விரல் இடுக்கில் நீலச் சாயம் ஏற்றுவார்கள், நிணநீர்க் குழாய் அதை உறிஞ்சி நீலக் கோடாகத் தெரியும், புறங்காலில் தோலைக் கீறி, நூல் மாதிரி இருக்கும் அந்தக் குழாயைத் தேடிப் பிடித்து, அதற்குள் ஊசியை நுழைத்துக் கட்டி, எண்ணெய் வகைக் கான்ட்ராஸ்டை மெல்ல மெல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட ஆகும், ஏற்றுவார்கள். குழாய்களை அன்றைக்கு எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், நிணநீர்க்கணுக்களை மறுநாள் பார்ப்பார்கள். 38790 என்ற ஊசிக் கோடு இந்தப் பாடெல்லாம் படுவதற்குத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிடி வந்தபிறகு இது மெல்ல வழக்கொழிந்துபோனது. இப்போது பெரும்பாலும் நெஞ்சில், வயிற்றில் நிணநீர் கசிகிற நோயாளிகளுக்கு, தொடையிடுக்கில் உள்ள கணுவில் அல்ட்ராசவுண்ட் பார்த்து லிப்பியோடால் என்ற எண்ணெய்க் கான்ட்ராஸ்டை ஏற்றுகிறார்கள், அது இன்டர்வென்ஷன் ஆட்கள் வேலை. கால் வீங்கியிருக்கிறது என்று அவுட்பேஷன்ட்டாக வருகிற ஒருவருக்குக் கீறிக் குழாய் தேடுவது இன்றைக்கு அபூர்வம். ஆகவே இப்படி ஒரு சார்ட்டில் 75803 போடக் கை போனாலே ஒரு தடவை சந்தேகப்படுங்கள்.

நாங்கள் செய்வது லிம்ஃபோசின்டிகிராபி. விரல் இடுக்கில் தோலுக்குள் ரொம்பச் சின்ன ஊசி. எரியும், அது நோயாளிக்கு முன்னாடியே சொல்லிவிடுவோம். கொலாய்டுத் துகள்களை நிணநீர்க் குழாய் தானாகவே எடுத்துக்கொண்டு மேலே போகும், நாங்கள் காமா கேமராவில் அது எவ்வளவு வேகமாகப் போகிறது, தொடையிடுக்குக் கணு எப்போது தெரிகிறது, வழியில் தோலுக்குள் பரவுகிறதா என்று பார்ப்போம். நடுவில் நோயாளியை நடக்கச் சொல்வோம், அப்புறம் மறுபடி படுக்கச் சொல்லிப் படம். பரவித் தெரிந்தால் அதுதான் டெர்மல் பேக்ஃப்ளோ, போக வழியில்லாமல் திரும்பித் தோலுக்குள் வழிகிறது என்று அர்த்தம். கீறல் இல்லை, குழாய்க்குள் ஊசி இல்லை, எக்ஸ்ரே கான்ட்ராஸ்ட் இல்லை.

அப்படியிருக்க ரிப்போர்ட்டில் ஏன் லிம்ஃபாஞ்சியோகிராம் என்று வருகிறது? பாதி இடங்களில் தலைப்பை டாக்டர் எழுதுவதே இல்லை. ஆர்டர் போடும் மெனுவில் யாரோ என்றைக்கோ வைத்த பெயர் அப்படியே தலைப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் இடத்திலும் அப்படித்தான், மாற்றச் சொல்லி ஐடிக்கு இரண்டு தடவை எழுதியாகிவிட்டது.

ஒரு சின்ன வித்தியாசம். எங்களிடம் வருகிறவர்களில் யானைக்கால் நோயாளிகள் உண்டு, தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து வந்த ஒரு பெரியவர் முப்பது வருடமாக அந்தக் காலோடு வயலில் இறங்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் அமெரிக்கச் சார்ட்டில் ஃபைலேரியா அனேகமாக வராது, புற்றுநோய்க்கு நிணநீர்க்கணு எடுத்தவர்கள், ரேடியேஷன் எடுத்தவர்கள்தான் வருவார்கள் என்று தங்கை சொன்னாள். அதனால் இண்டிகேஷனில் பழைய ஆபரேஷன் பற்றி ஒரு வரி இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

நைட்ஷிப்ட்_கோடர்

அண்ணா, ரொம்ப நன்றி, இரண்டு மணி நேர பிபிடியில் இதில் கால்வாசி கூட இல்லை.

சரி, 78195 என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு கால் பார்த்திருக்கிறார்கள், அப்படியானால் 78195-50 வர வேண்டாமா, இல்லை ஆர்டி, எல்டி (வலது, இடது) என்று இரண்டு வரியா? நான்கு ஊசி போட்டதற்கு ஒன்றுமே இல்லையா? 38792 என்று ஒரு கோடு பார்த்தேன், ரேடியோஆக்டிவ் டிரேசர் ஊசி என்றே இருக்கிறது, அது பொருந்துகிற மாதிரி தெரிகிறதே.

அப்புறம் ஐ89.0 எப்படித் தப்பு என்பதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. டெர்மல் பேக்ஃப்ளோ இருக்கிறது, தாமதம் இருக்கிறது, படித்த டாக்டர் லிம்ஃபெடீமா என்று எழுதியிருக்கிறார். இதைவிட என்ன வேண்டும்?

பழைய_கோடர்

ஒவ்வொன்றாக வருகிறேன், டீ குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

50 வேண்டாம். 75801-க்கும் 75803-க்கும் நடுவில் ஒரு பக்கம், இரு பக்கம் என்று கோடே பிரித்துச் சொல்கிறது. 78195-இல் அந்தப் பேச்சே இல்லை. ஒரு கால் என்றாலும் இரண்டு கால் என்றாலும் ஒரு ஸ்டடி, ஒரு யூனிட். ஒரே நாளில் மூன்று நேரம் படம் எடுத்ததும் அதே ஸ்டடிதான், மூன்று தடவை போடக் கூடாது. இதைச் சொல்லக் காரணம், போன வருடம் எங்கள் டீமில் ஒரு பையன் 'டிலேய்டு இமேஜஸ்' என்று பார்த்துவிட்டு 78195-ஐ மூன்று வரி போட்டு, அது வெளியே போய், டினையல் ஆகித் திரும்பி வந்தது.

38792 சென்டினல் கணுவை, அதாவது புற்றுநோய் முதலில் பரவக்கூடிய கணுவை, கண்டுபிடிக்க ஆபரேஷனுக்கு முன்னால் போடுகிற டிரேசர் ஊசி. மார்பகப் புற்றுநோயிலும் மெலனோமாவிலும் நிறையப் பார்ப்பீர்கள். படம் எடுக்காமல் ஊசி மட்டும் போட்டு ஆபரேஷன் அறைக்கு அனுப்பினால் அது தனியாக வரும். படமும் எடுத்து 78195 போட்டால் ஊசி அதற்குள்ளேயே அடங்கிவிடும், எந்தெந்தக் கோடுகளைச் சேர்த்துப் போடக் கூடாது என்று சொல்லும் என்சிசிஐ மேனுவலில் இருக்கிறது. நியூக்ளியர் மெடிசின் முழுக்க இதே கதைதான்: மருந்து உள்ளே போகாமல் படமே கிடையாது, அதனால் ஊசிக்குத் தனிக் காசு கேட்க முடியாது. உங்கள் சார்ட்டில் சென்டினல் என்ற பேச்சே இல்லை, ஆகவே இரண்டு விதத்திலும் 38792 வராது.

இப்போது டயக்னோசிஸ். இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கியிருக்கிறேன்.

ஐசிடி-10-சிஎம் (நோய்க் கோடு) கைட்லைனில் நான்காம் பிரிவு அவுட்பேஷன்ட்டுக்கு. அதில் எச் பத்தியை எடுத்துப் பாருங்கள். ப்ராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதே வரியில் 'கம்பாட்டிபிள் வித்', 'கன்சிஸ்டென்ட் வித்' இரண்டும் இருக்கின்றன. பல பேர் அதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் நம் காதுக்கு 'கன்சிஸ்டென்ட் வித்' என்றால் 'ஆமாம், அதுதான்' என்று சொல்கிற மாதிரி கேட்கிறது. ரேடியாலஜிஸ்ட் மனதிலும் அனேகமாக அப்படித்தான் இருக்கும். ஆனால் கைட்லைன் கணக்கில் அது சந்தேகம், சந்தேகத்தை அவுட்பேஷன்ட்டில் கோடு செய்யக் கூடாது. மருத்துவமனையில் அட்மிட் ஆன நோயாளிக்கு ஃபெசிலிட்டி (மருத்துவமனை பில்) பக்கம் கோடு செய்பவர்களுக்கு இதே சொல் வேறு மாதிரி, டிஸ்சார்ஜ் சமயத்தில் சந்தேகமாக எழுதியதை இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து இங்கே மாறி வந்தவர்கள் கட்டாயம் ஒரு தடவையாவது அடி வாங்குவார்கள்.

படத்தில் பேக்ஃப்ளோ இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கட்டும். ஃபைண்டிங்கைப் பார்த்து நோய் இதுதான் என்று முடிவு கட்டுவது டாக்டர் வேலை. நாம் அதைச் செய்தால் அதற்குப் பெயர் கோடிங் இல்லை.

ஆகவே உறுதியான நோய் இல்லை, ஸ்டடி செய்யக் காரணமான அறிகுறிக்குப் போகிறோம். க்யூஏ இங்கே ஆர்60.0 என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரிப்போர்ட்டில் ஸ்வெல்லிங் என்று இருக்கிறதா, எடீமா என்று இருக்கிறதா? நீங்கள் எழுதியபடி ஸ்வெல்லிங் என்றால், இன்டெக்ஸில் ஸ்வெல்லிங் என்று தேடி, கால் என்று இறங்கினால் எம்79.89-க்குத்தான் கொண்டுபோய் விடும். எடீமா என்று தேடினால்தான் ஆர்60.0. நம் ஊரில் இரண்டும் வீக்கம்தான், இன்டெக்ஸுக்கு இரண்டும் வேறு. ரிபட்டல் போடுவதென்றால் இந்த ஒன்றுக்குப் போடுங்கள், இன்டெக்ஸ் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஒருவேளை இம்ப்ரெஷனில் 'இடது கால் லிம்ஃபெடீமா' என்று நேராக எழுதியிருந்தால் ஐ89.0 தாராளமாக வரும், அப்போது ஸ்வெல்லிங்கைத் தனியாகச் சேர்க்கவும் கூடாது. அப்போதும் ஐ89.0-க்குக் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்1 (இதோடு சேர்த்துப் போடக் கூடாதவை) இருப்பதைப் பாருங்கள். பிறவியிலேயே வந்த பரம்பரை வகை க்யூ82.0, மார்பகம் எடுத்தபின் வருவது ஐ97.2. வேறு ஆபரேஷனால் வந்தது என்று டாக்டர் சொன்னால் ஐ97.89. 'லிம்ஃபெடீமா ப்ரீகாக்ஸ்' என்று ஒன்று எழுதுவார்கள், பெயரைப் பார்த்தால் பிறவிக் கோளாறு மாதிரி தோன்றி க்யூ82.0-க்குக் கை போகும், இன்டெக்ஸ் அதை ஐ89.0-க்கே அனுப்புகிறது. ஆபரேஷனால்தான் வந்தது என்ற தொடர்பையும் டாக்டர்தான் எழுத வேண்டும். ஹிஸ்டரியில் மாஸ்டெக்டமி இருக்கிறது, கையில் லிம்ஃபெடீமா இருக்கிறது, நாமே முடிச்சுப் போட்டு ஐ97.2 என்று எழுதிவிடக் கூடாது.

ஏஆர்_அக்கா

கோடர்கள் எல்லாம் சட்டம் பேசி முடித்தீர்களா, நான் கோடிங்கில் இல்லை, ஏஆர் காலிங், பணம் வராத பில்லைத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் அமெரிக்க இன்ஷூரன்ஸ்காரர்களோடு போனில் மல்லுக்கட்டுகிறவள். எங்கள் பக்கம் இது எப்படி வந்து விழுகிறது என்று சொல்கிறேன்.

ஃபெசிலிட்டி பில்லில் இந்த ஸ்டடிக்கு 78195 ஒரு வரி, அதோடு மருந்துக்கு ஏ9541 ஒரு வரி. ரெவின்யூ கோடு ஸ்டடிக்கு 0341, மருந்துக்கு 0343. இந்த ஏ9541-இல்தான் வேடிக்கை. அதன் விளக்கம் 'ஒரு ஸ்டடி டோஸ், 20 மில்லிகியூரி வரை'. அதாவது எத்தனை ஊசி போட்டாலும் ஒரு யூனிட். ஒரு கிளையன்ட் பில்லில் நான்கு ஊசிக்கு நான்கு யூனிட் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், மாதக் கணக்கில், யாரும் கேட்கவில்லை, அப்புறம் ஒரு நாள் பேயர் (இன்ஷூரன்ஸ் கம்பெனி) பழைய பில் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்று கடிதம். அந்த மூன்று வாரம் எங்கள் டீமில் யாருக்கும் லீவு இல்லை. டில்மனோசெப்ட் என்ற மருந்து போட்டிருந்தால் ஏ9520, அதன் அளவு 0.5 மில்லிகியூரி வரை, இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். தம்பி பார்ப்பது ப்ரோ-ஃபீ, மருந்து வாங்கியது மருத்துவமனை, அதனால் உங்கள் பில்லில் ஏ-கோடு வரவே கூடாது, 26 மட்டும்.

டாக்குமென்டேஷன் பற்றி ஒன்று. இந்த ஸ்டடிக்கு ரெக்கார்ட் கேட்டு வரும் கடிதங்களில் நான் பார்த்தவரை சண்டை எப்போதும் ஒரே இடத்தில்தான். யார் ஆர்டர் போட்டார், எதற்காக, அதற்கு முன்னால் என்ன பார்த்தார்கள். வெறும் 'லெக் ஸ்வெல்லிங்' என்று இரண்டே சொல்லோடு வருகிற ஆர்டரை வைத்துக்கொண்டு மெடிக்கல் நெசசிட்டி (மருத்துவத் தேவை) வாதாடுவது பெரிய பாடு. ரத்தக் குழாய் அடைப்பு இல்லை என்று டாப்ளரில் பார்த்தாகிவிட்டது, இதயம், சிறுநீரகம் எல்லாம் சரி, எத்தனை மாதமாக வீக்கம், ஒரு காலா இரண்டு காலா என்று ரெஃபர் செய்த டாக்டரின் நோட்டில் இருந்தால் அந்தப் பக்கத்தை இணைத்து அனுப்பிவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிடப் போவேன். ரிப்போர்ட்டிலும் மருந்தின் பெயர், அளவு, எங்கே எந்த வழியாக ஏற்றினார்கள், எத்தனை நிமிடத்தில் படம், வலது இடது ஒப்பீடு, கையெழுத்து, இவ்வளவும் இருக்க வேண்டும். அளவு இல்லாத ரிப்போர்ட் எத்தனை பார்த்திருக்கிறேன் தெரியுமா, 'ஸ்டாண்டர்ட் டோஸ்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஐ89.0-ஐ ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால் அது இப்போது காசுள்ள கோடு. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் லிம்ஃபெடீமா டிரீட்மென்ட் சட்டம் நிறைவேறி, 2024 ஜனவரி 1 முதல் அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் கம்ப்ரெஷன் உறைகளுக்குப் பணம் தருகிறது. பகலில் போடுகிற உறை பாதிக்கப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஆறு மாதத்துக்கு மூன்று, இரவில் போடுவது இரண்டு வருடத்துக்கு இரண்டு. அதற்கு ஐ89.0, ஐ97.2, ஐ97.89, க்யூ82.0 இந்த நான்கில் ஒன்று இருக்க வேண்டும். அதற்கு முன்னால் பாவம், அந்த உறைகளைக் கைக்காசு போட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நோயாளி மேல் இரக்கப்பட்டு நாம் ஐ89.0 போட்டால் ஒன்றும் ஆகாது, வைத்தியம் பார்க்கிற டாக்டர் இந்த ஸ்கேனைப் பார்த்துவிட்டுத் தன் நோட்டில் லிம்ஃபெடீமா என்று உறுதியாக எழுதினால்தான் உறைக்காரர் பில் நிற்கும்.

காமா_கேமரா

அக்கா சொன்ன 'ஸ்டாண்டர்ட் டோஸ்' எங்கள் தலையிலும் விழ வேண்டியதுதான். அளவை நாங்கள் டோஸ் ரெஜிஸ்டரில் எழுதிவிடுவோம், அது ரிப்போர்ட்டுக்குள் போகிறதா என்று பார்ப்பதில்லை.

திருச்சி_சிபிசி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், கிட்டத்தட்ட இதே சந்தேகம். எனக்கு வந்த சார்ட்டில் ஐசிஜி லிம்ஃபோகிராபி. கையில் விரல் இடுக்கில் இண்டோசயனின் கிரீன் ஏற்றி, அகச்சிவப்புக் கேமராவில் பார்த்திருக்கிறார்கள், நிணநீர்க் குழாயை நரம்போடு இணைக்கிற ஆபரேஷனுக்கு முன்னால். ரேடியோஆக்டிவ் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. எங்கள் டிஎல் (டீம் லீட்) 75801 போடு, இல்லாவிட்டால் 38900 போடு என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பழைய_கோடர்

ஒப்பாததே சரி. 75801-க்கு எக்ஸ்ரே வேண்டும். 38900 ஆபரேஷன் நடக்கும்போது சென்டினல் கணுவைக் கண்டுபிடிப்பதற்கு, அதுவும் ஆட்-ஆன் கோடு, தனியாக நிற்காது. கையில் எந்தக் குழாய் வேலை செய்கிறது என்று பார்ப்பது அது இல்லை. ஏறக்குறையப் பொருந்துகிற கோடைப் போடாதே, சரியானது இல்லை என்றால் அன்லிஸ்டட் (பட்டியலில் இல்லாததற்கான கோடு) போடு என்று சிபிடி புத்தகத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 38999.

அன்லிஸ்டட் என்றால் டிஎல்களுக்குப் பிடிக்காது, எனக்கும்தான் பிடிக்காது. ரிப்போர்ட்டை இணைக்க வேண்டும், க்ளெய்ம் படிவத்தின் 19-ஆம் கட்டத்தில் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும், உழைப்பில் இதற்கு நிகரான கோடு எது என்று சொல்லி விலை வைக்க வேண்டும். அப்படியும் சில பேயர்கள் ஆராய்ச்சி நிலையில் இருக்கிறது என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். ஆனாலும் 75801 போட்டுப் பணம் வந்து, பிறகு ஆடிட்டில் எக்ஸ்ரே படம் எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவது?

இன்னொன்று, நரம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் அது சிரை, வெயின். சார்ட் படிக்கும்போது மனதில் நரம்பு என்று ஓடினால் ஒரு நாள் இல்லை ஒரு நாள் நெர்வ் கோடுக்குப் போய்விடுவீர்கள், சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

நைட்ஷிப்ட்_கோடர்

ஒரு சந்தேகம் மட்டும். ரேடியாலஜிஸ்ட்டுக்கே குவெரி போட்டு, 'கன்சிஸ்டென்ட் வித்' என்பதை எடுத்துவிட்டு லிம்ஃபெடீமா என்று எழுத முடியுமா என்று கேட்கலாமா? கிளையன்ட் போர்ட்டலில் குவெரி பட்டன் இருக்கிறது.

பழைய_கோடர்

அப்படிக் கேட்டால் அது லீடிங் குவெரி, விடையை நாமே வாயில் வைத்து ஊட்டுகிற மாதிரி. 'ஃபைண்டிங்கில் டெர்மல் பேக்ஃப்ளோ இருக்கிறது, இம்ப்ரெஷனில் இப்படி இருக்கிறது, உங்கள் மருத்துவக் கணிப்பு என்ன, தெளிவுபடுத்த முடியுமா' என்று கேட்டு, உறுதி, சந்தேகம், வேறு காரணம், சொல்ல முடியாது என்று எல்லா வழியையும் திறந்து வைக்க வேண்டும். பில், பணம், கவரேஜ் என்ற பேச்சே குவெரியில் வரக் கூடாது. அவர் பதில் சொன்னால் தேதியோடு அடெண்டமாக (பின்சேர்க்கையாக) ரிப்போர்ட்டில் சேர வேண்டும், போர்ட்டலில் 'யெஸ்' என்று ஒரு சொல் இருந்தால் போதாது.

ஆனால் இந்தச் சார்ட்டுக்குக் குவெரி தேவையா என்று யோசியுங்கள். எம்79.89-ஓடு பில் போகும், தப்பில்லை. எல்லா 'கன்சிஸ்டென்ட் வித்'துக்கும் குவெரி போட்டால் அந்த டாக்டர் ஒரு வாரத்தில் உங்கள் கம்பெனியையே மாற்றச் சொல்லிவிடுவார். மொத்தமாக ஒரு எஜுகேஷன் மெயிலாக உங்கள் லீட் மூலம் அனுப்புங்கள், அது வேறு.

ஏஆர்_அக்கா

அந்த மெயிலில் டோஸ் அளவையும் எழுதச் சொல்லிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

நைட்ஷிப்ட்_கோடர்

அப்டேட். சிபிடி இரண்டு எரரையும் ஒத்துக்கொண்டு, டயக்னோசிஸுக்கு மட்டும் இன்டெக்ஸ் பக்கத்தோடு ரிபட்டல் போட்டேன். ஐ89.0 தப்பு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆர்60.0-உம் தப்பு, எம்79.89 என்று எழுதினேன். க்யூஏ லீட் நேரில் கூப்பிட்டுப் பேசினார். எம்79.89 சரிதான் என்று ஒத்துக்கொண்டு ஷீட்டில் மாற்றிவிட்டார்கள். ஆனால் நான் போட்டதும் தப்புதானே என்று என் எரரை எடுக்கவில்லை! மூன்றும் அப்படியே நிற்கிறது. இன்சென்டிவ் போச்சு.

ஒரே ஆறுதல், தப்பான விடை கொடுத்த அந்த ஆடிட்டருக்கும் ஒரு எரர் விழுந்ததாம். நேற்று கேன்டீனில் எதிரே வந்தார், முறைத்துக்கொண்டே போனார்.

அக்கா, உங்கள் டோஸ் வரியையும் மெயிலில் சேர்க்கச் சொல்லி லீடிடம் கொடுத்திருக்கிறேன். காமா அண்ணா, இன்றைக்கு க்யூவில் மறுபடி ஒரு 'லிம்ஃபாஞ்சியோகிராம்' வந்தது, அதே மருத்துவமனை. தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தேன். இந்தத் தடவை நிஜமாகவே லிப்பியோடால், தொடையிடுக்குக் கணு, இன்டர்வென்ஷன் டாக்டர். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.